ஒரு பொறிக்கு ஒரு வாக்கு

ஒன்பது பக்கங்கள் கொண்ட ஒரு தொழில்நுட்பக் கட்டுரையை இலக்கியத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது நண்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் சட்டோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான அக்கட்டுரை கவிதையுமன்று, கதையுமன்று. பிட்கொயின் என்னும் கிரிப்டோ நாணயத்தின் அமைப்பைப் பன்னிரண்டு பிரிவுகளில் விளக்கும் உரைநடை அது. ஆயினும், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் இளைஞர்களின் கனவை உருவாக்கியதில் எந்த நாவல் இதனோடு போட்டியிட முடியும்? பெரும்பாலோர் அதைப் படித்ததில்லை என்பது உண்மையே. புராணங்களையும் பெரும்பாலோர் படித்து அறிந்தவர்கள் அல்லர். மனிதர்களை நம்பவைத்து, கடன்படவைத்து, நடக்கவைக்கும் எழுத்து எதுவாயினும் அதை எடுத்து ஆராயும் கடமை திறனாய்வாளனுக்கு உண்டு.

முதலில் அக்கட்டுரைக்கு உரிய நியாயத்தை வழங்கிவிடுவோம். அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி 2008 செப்ரெம்பர் 15இல் வீழ்ந்து ஆறு வாரங்கள் கழிந்த வேளையில் அது வெளிவந்தது. சூதாடித் தோற்ற வங்கிகளை மக்களின் வரிப்பணம் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. 2009 ஜனவரி 3இல் உருவான பிட்கொயின் பேரேட்டின் முதற் பக்கத்திலேயே, வங்கிகளுக்கு அரசு மீண்டும் கைகொடுப்பது பற்றிய அன்றைய லண்டன் 'டைம்ஸ்' தலைப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சினம் பொய்யன்று. நமக்கும் அது புதிதன்று. 2022இல் சில வாரங்களுக்குள் ரூபாய் ஏறத்தாழப் பாதியாய்க் கரைந்ததைக் கண்டோம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் பாரம் ஊழியர் சேமலாப நிதியின் தலையில் ஏற்றப்பட்டபோது வங்கிகள் ஒதுக்கிக் காக்கப்பட்டதையும் கண்டோம். வங்கியை நம்பாதே என்று ஒருவன் கூறினால், தொழிலாளியின் பிள்ளை செவிசாய்ப்பதில் தவறில்லை.

அவ்வாறு செவிசாய்த்த ஒருவனால்தான் நானும் இக்கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் மலையைக் கடந்து இறங்கும் பாதை லக்கலைக்குச் செல்கிறது. அம்பன் கங்கையின் கிளையாகிய களு கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தில் பழைய பல்லேகமப் பட்டினம் மூழ்கிற்று. அதற்கு ஈடாக 2018இல் திறக்கப்பட்ட புதிய நகரத்தில், என்னிடம் பயின்ற தோட்டத்துப் பையன் ஒருவன் கைபேசி திருத்தும் கடையில் வேலை பார்க்கிறான். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவன் தாயின் நகையை அடகு வைத்து ஒரு கிராபிக்ஸ் கார்ட் வாங்கினான். பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. கணினியில் படங்களைத் தீட்டுவதற்கென உருவான இவ்வட்டைகள் எதீரியம் என்னும் நாணயத்தை 'அகழ' உதவின. வாடகை அறையொன்றில் மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே அவை இரவும் பகலும் இயங்கின.

முதல் அட்டைக்கும் மூன்றாவது அட்டைக்கும் இடையில் நேர்ந்ததை அவன் வாயால் கேட்டேன். 2021 பெப்ரவரியில் என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 3060 என்னும் அட்டையை வெளியிட்டபோது அறிவித்த விலை 329 டொலர். அந்த விலைக்கு அதைக் கண்ணால் கண்டோர் அரியர். கடைக்காரர் கேட்டதே விலையாயிற்று. அறிவித்த விலையையே கொண்டாலும், டொலர் 200 ரூபாயாயிருந்தபோது 65,800 ரூபாயான பொருள், டொலர் 360 ஆனதும் 1,18,440 ரூபாயாயிற்று. அட்டையில் ஒரு கம்பியும் கூடவில்லை. அவனுடைய சம்பளமோ ரூபாயில். அதிலும் ஒரு சதம் கூடவில்லை. மூன்றாவது அட்டையை அவன் வட்டிக் கடனில் வாங்கினான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட்டில் மாதம் 180 அலகுக்கு மேற்பட்ட வீட்டு மின்சாரத்தின் கட்டணம் அலகுக்கு 45 ரூபாயிலிருந்து 75 ரூபாயாய் உயர்ந்தது. எஞ்சிய கதையைப் பின்னர் கூறுகிறேன்.

இதைக் கேட்ட நண்பர்கள் வணிகரின் பேராசை என்றும், அரசின் திறமையின்மை என்றும், காலத்தின் கோலம் என்றும் காரணம் கூறினர். இவை யாவும் ஓரளவுக்கு உண்மையே. ஆனால் பொறியின் விலையேற்றம் இம்முறைக்கு வெளியிலிருந்து வந்த விபத்து என்று கொள்வது பிழை. அதன் வித்து அந்த ஒன்பது பக்கங்களுக்குள்ளேயே கிடக்கிறது. இதனை நிறுவுவதே என் நோக்கம்.

கட்டுரையின் நடையை முதலில் நோக்குக. ஆசிரியர் 'நாம்' என்றே எழுதிச் செல்கிறார். ஆனால் அந்த 'நாம்' யார்? கட்டுரை முழுவதும் தேடினாலும் உழைப்பவன் ஒருவனைக் காண இயலாது. அனுப்புவோன் உண்டு, பெறுவோன் உண்டு, வணிகன் உண்டு. இவர்களுக்குமேல் அங்கு இரண்டே இனங்கள்: நேர்மையானோர், தாக்குவோர். உள்ளவன், இல்லாதவன் என்னும் பிரிவு அவ்வுலகத்தில் இல்லை. ஒழுக்கத்தால் மட்டுமே மனிதர் வேறுபடும் உலகைப் படைப்பது பழைய நீதிக்கதைகளின் இயல்பு. கணிதம் பேசும் இக்கட்டுரையும் அந்த வகையில் ஒரு நீதிக்கதையே.

கட்டுரையின் உயிர்நிலை நான்காம் பிரிவில் உள்ளது. எல்லோருக்கும் பொதுவான பேரேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? வங்கியும் அரசும் இல்லாத இடத்தில் பெரும்பான்மையை எப்படி அறிவது? இணைய முகவரிக்கு ஒரு வாக்கு என வைத்தால், ஏராளமான முகவரிகளைச் சேர்த்துக்கொள்பவன் ஆட்சியைப் பிடித்துவிடுவான் என்று ஆசிரியர் அதை நிராகரிக்கிறார். நல்ல எச்சரிக்கை. பதிலாக அவர் முன்வைப்பது கணிப்பொறிக்கு ஒரு வாக்கு என்னும் விதி. கடினமான ஒரு கணக்கைப் பொறிகள் போட்டியிட்டுத் தீர்க்கட்டும், வென்ற பொறி பக்கத்தை எழுதிப் பரிசு பெறட்டும் என்கிறார். முகவரிகளைக் குவிக்கக்கூடியவனைக் கண்டு அஞ்சிய அதே மனிதர், பொறிகளைக் குவிக்கக்கூடியவன் யார் என்று அவ்விடத்தில் கேட்கவில்லை. முகவரி மலிவு, பொறி விலையுள்ளது. ஆகவே வாக்கை யாரும் குவிக்கமாட்டார் என்பது அவர் உள்ளக்கிடக்கை போலும். விலையுள்ள பொருளைத்தான் செல்வன் குவிப்பான் என்பது எங்கள் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும்.

நடந்தது என்ன? 2009இல் வீட்டுக் கணினி ஒன்றே போதுமாயிருந்தது. அடுத்த ஆண்டிலேயே கிராபிக்ஸ் அட்டைகள் அதை விஞ்சின. 2013இல் இவ்வொரு கணக்கைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத தனிப் பொறிகள் சந்தைக்கு வந்தன. பிட்மெயின் நிறுவனம் 2016இல் விற்ற அன்ட்மைனர் எஸ்9 நொடிக்கு ஏறத்தாழ 13 இலட்சம் கோடி முறை முயன்றது. 2020இல் வந்த எஸ்19 புரோ 110 இலட்சம் கோடி முறை முயன்றது. புதியது வந்ததும் பழையது இரும்புக் கடைக்குச் சென்றது.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பொறிகள் எத்துணை பெருகினும் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கமே எழுதப்படும். 2,016 பக்கங்களுக்கு ஒரு முறை, அதாவது ஏறக்குறைய இரு வாரங்களுக்கு ஒரு முறை, கணக்கின் கடினம் பொறிகளின் பலத்துக்கேற்பத் தானே உயர்ந்துவிடும். பக்கத்துக்குரிய பரிசோ 2012இல் 50 நாணயத்திலிருந்து 25 ஆகவும், 2016இல் 12.5 ஆகவும், 2020இல் 6.25 ஆகவும், 2024இல் 3.125 ஆகவும் குறைந்தது. மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளனைப் பேசுகிறார். விசைத்தறி வந்தபின் அவன் முன்போலவே முழு நேரமும் நெய்கிறான். ஆனால் அவனது ஒரு மணி நேரத்தின் பெறுமதி பாதியாய்விடுகிறது. எம் மாணவனின் நிலையும் இதுவே. ஆனால் வேறுபாடொன்றும் உண்டு. விசைத்தறி நெசவாளனைக் கொன்றாலும் உலகுக்கு அதிகத் துணியைத் தந்தது. இப்பொறிகள் ஆயிரம் மடங்கு பெருகியும் ஒரு நாணயத்தைக்கூட அதிகமாய்த் தரவில்லை, தரவும் விதியில்லை. எல்லோரும் எழுந்து நின்று கூத்துப் பார்ப்பதுபோல, முன்பைவிட நன்றாகக் கண்டவர் எவருமில்லை. கால்கள் மட்டும் வலித்தன.

இந்தப் போட்டியில் வீட்டுக்காரனின் எதிரி யார் என்பதையும் பார்ப்போம். 2020 டிசெம்பரில் அமெரிக்காவின் மரதன் என்னும் நிறுவனம் பிட்மெயினிடம் 70,000 எஸ்19 பொறிகளை 17 கோடி டொலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. பொறியொன்றுக்குச் சராசரி 2,430 டொலர் அளவு. அடுத்த ஆண்டு நாணயத்தின் விலை ஏறியபோது அதே பொறியின் சில்லறை விலை பல மடங்கு ஏறிற்று. ஒரு பொறிக்கு 3,250 வாட் மின்சாரம் தேவை. எனவே அந்த எழுபதாயிரத்தையும் ஒருங்கே இயக்க ஏறத்தாழ 227 மெகாவாட் தேவை. லக்கலைக்கு அயலிலுள்ள மொரகஹகந்த அணையின் மின்னிலையம் 25 மெகாவாட். அதைப்போல் ஒன்பது அணைகளின் மின்சாரம் ஒரு கம்பெனியின் ஒரு கொள்வனவுக்கு! லக்கலை தன் பட்டினத்தையே தண்ணீருக்குக் கொடுத்த ஊர் என்பதை நினைத்துக்கொண்டே இக்கணக்கைப் போட்டேன். நம் வீட்டில் அத்தகைய பொறி ஒன்றை ஓட்டினால் நாளுக்கு 78 அலகு. அலகு 75 ரூபாயாயிருந்தபோது மாதத்துக்கு ஒரு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் மின்கட்டணமாய்ப் போயிருக்கும். இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்தைச் சேர்த்தாலும் அது காணாது.

இனி அந்த 'அகழ்வு' என்னும் சொல். ஆறாம் பிரிவில் ஆசிரியரே தங்கச் சுரங்கத்தாரை உவமை காட்டுகிறார். அவர்கள் வளங்களைச் செலவிட்டுத் தங்கத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது போல, இங்கே பொறியின் நேரமும் மின்சாரமும் செலவாகின்றன என்கிறார். உவமையை மெய்யாகவே அகழ்வு நடக்கும் ஊரில் வைத்துச் சோதிப்பதே முறை. களு கங்கைப் படுகையும் எலஹெரவும் இரத்தினக்கல்லுக்குப் பேர்போன நிலங்கள். குழியில் இறங்கி, சிங்களத்தில் 'இல்லம' எனப்படும் கல்லடுக்கை எட்டும் வரை சேற்றை வாரி மேலேற்றுகிறார்கள். கிடைத்த கல் விற்றால் பங்கு பிரிப்பார்கள். நிலத்துக்கு ஒரு பங்கு, உரிமப் பத்திரத்துக்கு ஒரு பங்கு, குழியின் நீரை இறைக்கும் பம்புக்கு ஒரு பங்கு. எஞ்சியதே இறங்கிய உடல்களுக்கு. பம்பு சேற்றைத் தொடுவதில்லை, பசிப்பதுமில்லை. ஆயினும் அதற்குப் பங்குண்டு. அப்பங்கு அதன் சொந்தக்காரனுடையது. இதில் மறைவில்லை. யாருக்கு என்ன போகிறது என்பது குழியில் நிற்பவனுக்குத் தெரியும்.

என் மாணவனின் தகப்பனார் தோட்டத்தை விட்டுப் பல ஆண்டுகளாய் இத்தகைய குழிகளில் உழைத்தவர். மகனின் தொழிலை அவனைக்கொண்டே விளங்கிக்கொள்ள முயன்ற அவர் ஒரு நாள் கேட்டார்: "பம்பு உன்னுடையது என்கிறாய். அப்படியானால் பம்புப் பங்கும் உனக்கல்லவா வர வேண்டும்? ஏன் கடன்காரனாயிருக்கிறாய்?" அவன் என்னைப் பார்த்தான். எனக்கும் அப்போது விடை தெரியவில்லை.

விடை இதுதான். நாணயத்தின் விலை ஏறும்போது பொறி எவ்வளவு சம்பாதிக்கும் என்பதை விற்பவன் வாங்குபவனுக்கு முன்னரே கணக்கிட்டுவிடுகிறான். அந்த வருங்கால வருவாயையே விலையாக வைத்து விற்கிறான். எனவே பம்புப் பங்கு, குழி தோண்டுமுன்னரே, பம்பு செய்தவனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடையிலுள்ள கடைக்காரனும் கடன் கொடுத்தவனும் எஞ்சியதைச் சுரண்டிக்கொள்கிறார்கள். நாணயம் வீழ்ந்தாலோ நட்டம் முழுவதும் கடைசியாக வாங்கியவனுக்கு. பொறி அவன் பெயரில் இருந்தது; பொறியின் பயன் இன்னொருவன் பெயரில் இருந்தது. உற்பத்திக் கருவி கையில் இருந்தாலே ஒருவன் முதலாளியாகிவிடான் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்றை நான் கண்டதில்லை.

வாக்கு என்னவாயிற்று? தனியொரு வீட்டுப் பொறி பக்கம் ஒன்றை வெல்ல ஆயுள் போதாது. ஆகவே சிறியவர்கள் 'பூல்' என்னும் கூட்டங்களில் சேர்ந்தனர். முதலாவது கூட்டம் 2010இன் இறுதியிலேயே பிராக் நகரத்தில் தோன்றிவிட்டது. பொறி கணக்குப் போடும். கூட்டத்தை நடத்துபவன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தீர்மானிப்பான். உறுப்பினனுக்குப் பங்கு வரும். அதாவது வாக்குச் சீட்டை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஃபவுண்ட்ரி, அன்ட்பூல் என்னும் இரண்டே கூட்டங்களின் பலம் சேர்ந்து மொத்தத்தின் பாதியைத் தொட்டு நின்றது. அன்ட்பூல், பொறி விற்கும் பிட்மெயினின் வயிற்றில் பிறந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எதீரியத்தைப் படைத்தவர்கள் இந்நோயை அறிந்திருந்தனர். தனிப் பொறிகள் ஆதிக்கம் பெறாதவாறு, சாதாரண கிராபிக்ஸ் அட்டையே ஈடுகொடுக்கும் வகையில் 2015இல் தம் கணக்கை அமைத்தனர். விளைவு, உலகத்து அட்டைகளையெல்லாம் அகழ்வோர் வாங்கிக் குவிக்க, அட்டையின் விலை ஏறிற்று. என்விடியா தன் புதிய அட்டையின் அகழும் திறனைப் பாதியாக்கிப் பூட்டுப் போட்டு, அகழ்வோருக்கெனத் தனி அட்டைகளையும் விற்கத் தொடங்கிற்று. இறுதியில் 2022 செப்ரெம்பர் 15இல் எதீரியம் பொறிகளையே கைவிட்டது. அன்று என் மாணவனின் மூன்று அட்டைகளும் வேலையிழந்தன. மின்சார விரயம் ஒழிந்தது என்ற அளவில் அம்மாற்றத்தை வரவேற்கவே வேண்டும். ஆனால் புதிய விதி என்ன? 32 ஈதர் நாணயத்தைப் பிணையாக வைப்பவனுக்கே பக்கம் எழுதும் உரிமை. பொறி என்னும் முகமூடி கழன்றது. உள்ளே சொத்து இருந்தது.

சொத்துள்ளவனுக்கு வாக்கு என்பது இந்நாட்டில் நாம் கேள்விப்படாத புதுமையா? 1931இல் சர்வசன வாக்குரிமை வரும்வரை சொத்தும் வருமானமும் கல்வியுமே இலங்கையில் வாக்காளனை அளந்தன. அப்போதும் எம் தோட்ட மக்களுக்கு நிபந்தனைகள் இருந்தன. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தே அகற்றின. 2003இன் சட்டம் வரை அந்தக் காயம் ஆறாமலே கிடந்தது. வாக்கு என்ற சொல்லை எம்மவர் இலேசாகக் கேட்பதில்லை. பொறி வாங்கினால் நீயும் வாக்காளன் என்று ஒருவன் சொல்லும்போது, நாடற்றவர் என்று எழுதப்பட்ட பாட்டனின் பேரன் அதில் ஒரு மரியாதையைக் கேட்கிறான். பிட்கொயின் கட்டுரையின் கவர்ச்சியில் பணத்தாசை ஒரு பாதியே. மறு பாதி இதுவென்பது என் துணிபு.

அந்தப் பாட்டனுக்கும் ஒரு கட்டுக்கதை சொல்லப்பட்டது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்குமென்று கங்காணி சொன்னதாக எங்கள் பாட்டிமார் கூறுவர். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டத்தின் கணக்கில், கவ்வாத்துக் கத்தியைத் தொடுமுன்னரே கடன் ஏறியிருந்தது. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க விரும்பவில்லை. அவர்களை வருத்திய கொடுமை வேறு, இவன் பட்ட நட்டம் வேறு.

ஆசிரியருக்கு எதிராக நான் ஒன்றை மறைத்தேன் என்று யாரும் கூறலாகாது. பொறிபலத்தைப் பெருமளவில் குவித்த பேராசைக்காரன் ஒருவன் தோன்றக்கூடும் என்பதை ஆறாம் பிரிவில் அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவனுக்கும் திருடுவதைவிட விதிப்படி நடப்பதே இலாபம். எனவே அஞ்ச வேண்டாம் என்கிறார். சுயநலம் பொதுநலத்தைத் தானே காக்கும் என்னும் இவ்வாதம் ஆதம் ஸ்மித் காலத்துச் சரக்கு. அவர் அஞ்சியது திருட்டுக்கு மட்டும். விதிப்படி, நேர்மையாக, ஒருவன் எல்லாவற்றையும் தன்னதாக்கிக்கொள்வது அவருக்குக் குற்றமாகவே தோன்றவில்லை. நம் மலைகள் யாவும் ஒரு காலத்தில் சட்டப்படிதான் துரைமாரின் உடைமையாயின.

நம் பக்கத்துக் குறையொன்றையும் கூறாவிடில் இத்திறனாய்வு அரைகுறையாகும். ஆசிரியர் அறையில் இப்பேச்சு எழுந்தபோது, சூதாடிகளுக்கு இரங்குவதா என்று முற்போக்காளர் ஒருவரே சிரித்தார். எனக்கு அச்சிரிப்பு உடன்பாடன்று. அந்தப் பையன் அட்டையைக் கழற்றிப் பூட்டவும், அதன் வெப்பத்தை அளக்கவும், ஆங்கிலக் குறிப்புகளைத் தடவித் தடவி வாசிக்கவும் தானே கற்றான். எந்தப் பாடசாலையும் அவனுக்கு அதைக் கற்றுத்தரவில்லை. அவன் அறிவைப் பயன்படுத்தும் ஒரு தொழிற்சாலையோ கூட்டுறவோ மாத்தளையில் இருந்திருந்தால் அவன் வாடகை அறையில் மின்விசிறிகளுக்குக் காவலிருந்திருப்பானா? மத்திய வங்கி 2018 முதல் பலமுறை பொதுமக்களை எச்சரித்தது உண்மை. எச்சரிக்கை வேறு, வேலை வேறு. 2021 ஒக்டோபரில் அமைச்சரவையே கிரிப்டோ அகழ்வு முதலியவற்றை ஆராயக் குழுவமைக்க இசைந்தது என்பதையும் அவன் செய்தியில் படித்திருந்தான். அவனை மட்டும் மூடன் என்பது நியாயமா?

இரண்டு அட்டைகளை அவன் வந்த விலைக்கு விற்றுவிட்டான். அகழ்வில் ஓடிய அட்டைகள் என்று அறிந்தால் வாங்குவோர் விலையை மேலும் குறைக்கிறார்கள். மூன்றாவதைப் பாடசாலைக் கணினி அறைக்குத் தர முன்வந்தான். அங்குள்ள பழைய பெட்டிகளில் அது பொருந்தவில்லை. நகை இன்னும் அடகில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் நானும் உயர்தர மாணவர் நால்வரும் அந்த ஒன்பது பக்கங்களை வரிவரியாகத் தமிழாக்கிப் படித்து வருகிறோம். ஆறாம் பிரிவு முடிந்திருக்கிறது. அன்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் தகப்பனார், பங்கு பிரிக்கும் இடம் எத்தனையாம் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார். அவருக்காக அப்பிரிவை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தோம்.